பின்பாதி கொஞ்சம் இழுவை

காஞ்சிபுரத்தில் ஒரு படம் நாலு வாரம் ஓடுமா, நாலாம் நாளே பெட்டியைக் கட்டுமா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் தான்தான் என்று பிள்ளையார்பாளையத்து முனை அரிசி மண்டி அப்பாண்டை நயினார் நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி நினைப்பதற்காகத் தன்னையே திட்டியும் கொள்வார். ‘டேய் அப்பாண்டை, நீ விக்கிறது அரிசி. அதுலயும் கால்வாசி கல்லு. உனக்கு எதுக்குடா சினிமாப் பெருமை?’ என்று கேட்டுக்கொண்டே, படத்தைப் பற்றி விசாரிக்க யாராவது வருகிறார்களா என்று வாசல் பக்கம் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்.

ஆள் வராமல் இருக்காது. அந்தத் தெருக்கள் பூராவும் பட்டு நெய்கிற வீடுகள். தறிக்காரர்களுக்கு ஞாயிறும் இல்லை, திங்களும் இல்லை, அமாவாசைதான் லீவு. அன்றைக்குத் தறியில் கை வைக்க மாட்டார்கள். தலை முழுகி, படையல் போட்டு, சாப்பிட்டுவிட்டுக் குடும்பத்தோடு சினிமாவுக்குக் கிளம்புவார்கள். மாதத்துக்கு ஒரே ஒரு படம். அது சப்பென்று போய்விட்டால் அடுத்த அமாவாசை வரைக்கும் பெண்டாட்டியிடம் பேச்சு வாங்கி முடியாது. அதனால் அமாவாசைக்கு முதல் நாள் அரிசி வாங்குகிற சாக்கில் மண்டிக்கு வந்து, “நயினாரே, நாளைக்கு எந்தக் கொட்டாய்க்குப் போவலாம்?” என்று கேட்பார்கள்.

நயினார் உடனே சொல்லிவிட மாட்டார். தராசுத் தட்டைத் துடைப்பார். மூக்குப்பொடி ஒரு சிட்டிகை போடுவார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பு வரும்.

“மொதப் பாதி ஜோர். உக்காந்த எடம் தெரியாது. பின்பாதி கொஞ்சம் இழுவை. ஆனா வீட்டுப் பொம்பளைங்களுக்குப் புடிக்கும். துண்டு ஒண்ணு எடுத்துக்கினு போ, அழுவைக்கு ஆவும்.”

போய்விட்டு வந்தவர்கள் மறுநாளே மண்டிக்கு வந்து கையெடுத்துக் கும்பிடுவார்கள். “அச்சு அசலா நீங்க சொன்னதுதான் நயினாரே. பின்பாதி இழுவையோ இழுவை!” என்பார்கள். நயினாரும் ‘நமக்குத் தெரியாததா’ என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொள்வார்.

இதில் ஒரே ஒரு சின்னச் சங்கதிதான். நயினார் எந்தப் படத்திலும் பின்பாதியைப் பார்த்ததே கிடையாது.

ஒரு படம்கூட இல்லை. கல்யாணமாகி, மண்டி வைத்து, சனிக்கிழமை தவறாமல் மேட்னிக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்தே இப்படித்தான். அவர் வீடு முசரவாக்கத்தில். சமணக் குடும்பம். பொழுது இறங்கிவிட்டால் வாயில் சோறு வைக்கக் கூடாது. விளக்கைத் தேடி வருகிற பூச்சி பொட்டு இலையில் விழுந்து செத்தால் அந்தப் பாவம் யாருக்கு என்று பெரியவர்கள் வைத்துவிட்டுப் போன வழக்கம். மேட்னி விடுவதோ ஆறு மணிக்கு. முசரவாக்கத்துக்கு நாலே முக்காலுக்கு ஒரு பஸ் உண்டு. அதை விட்டால் அடுத்தது இருட்டின பிறகுதான். ஆகவே இடைவேளைக்கு விளக்குப் போட்டதும் மற்றவர்கள் முறுக்குக்கும் சோடாவுக்கும் ஓட, நயினார் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவார். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக் கூடத்தில் சப்பணம் கொட்டி உட்கார்ந்துவிடுவார்.

ஓடுகிற அந்த நேரத்தில் அவருக்குள் ஒரு நிறைவு வரும். ‘அவனவன் தர்மத்த மறந்து சுத்தறான். தர்மத்துக்காகப் பாதிப் படத்தையே வுட்டுக்குடுத்தவன் இந்த ஜில்லாவுல வேற எவன் இருக்கான்?’ என்று நினைத்துக்கொள்வார். அப்போதெல்லாம் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்துவிடும்.

கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிக்கிற கந்தனுக்கு மட்டும் இந்த விஷயம் தெரியும். நயினார் எழுந்து போனதும் அந்த நாற்காலியில் தன் மச்சானைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவான். அந்த மச்சான் ஆயுசில் பார்த்ததெல்லாம் பின்பாதிகள்தான். “இன்னா மாமா, எந்தப் படத்த எடுத்தாலும் ஆரம்பத்துலேருந்தே அழுவுறாங்க” என்று அவன் ஒரு தரம் கேட்டானாம். அவனையும் நயினாரையும் ஒட்ட வைத்தால் உருப்படியாக ஒரு ரசிகன் தேறுவான்.

பொய் சொல்ல வேண்டும் என்று நயினார் ஆரம்பிக்கவில்லை. பக்கத்துத் தெருவில் தறி போட்டிருந்த மயில்வாகன முதலியார்தான் முதல் முதலில் ஒரு நாள், “மொதப் பாதி சொல்லிட்டீங்க, பின்பாதி எப்படி நயினாரே?” என்று கேட்டார். சுற்றி நாலு பேர் நின்றார்கள். பார்க்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. “கொஞ்சம் இழுவை” என்று சொல்லி வைத்தார். அது பலித்துவிட்டது. அடுத்த படத்துக்கும் அதையே சொன்னார், அதுவும் பலித்தது. தமிழ்ப் படத்துக்குப் பின்பாதி இழுவை என்று சொல்லக் கொட்டகைக்குள் போகவே தேவையில்லை என்பது நயினாருக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. மற்றதெல்லாம் ஊகம். இடைவேளையில் தங்கை காணாமல் போனால் கடைசியில் கிடைப்பாள். இடைவேளையில் கண் போனால் கடைசியில் வரும். முதலியார் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். அந்த வாய்க்காகவே நயினார் ஊகத்துக்கு மேல் ஊகமாக அடுக்கிக்கொண்டு போனார்.

எல்லாம் மகள் திரிசலாவுக்கு வாலாஜாபாத்தில் இருந்து வரன் வருகிற வரைக்கும் சுகமாகத்தான் போனது.

பையன் பெயர் அனந்தநாதன். ரைஸ் மில்லில் மானேஜர். பார்வைக்கு லட்சணம், பேச்சுக்கு அடக்கம். திருப்பருத்திக்குன்றத்துக் கோயில் விசேஷத்தில் திரிசலா அவனைப் பார்த்திருக்கிறாள். அதற்கு முன் வந்த இரண்டு இடத்தையும் மூக்கு சரியில்லை, நடை சரியில்லை என்று தட்டிவிட்டவள், இந்த இடத்தைச் சொன்னதும் கோலமாவு டப்பாவைப் பார்த்துக்கொண்டு, “உங்க இஷ்டம்பா” என்றாள். மகள் ‘உங்க இஷ்டம்’ என்றால் அது யார் இஷ்டம் என்று அப்பாண்டை நயினாருக்குக்கூடப் புரிந்தது.

பையனைப் பற்றிக் குறை இல்லை. பையனின் அப்பா ஆதிநாதனைப் பற்றியும் இல்லை. அவர் கொட்டாவிக்கு மட்டும் வாயைத் திறக்கிற மனிதர். பயமெல்லாம் அம்மா தயாவதியிடம்தான். அந்த அம்மாள் வீட்டில் பொழுது சாய்வதற்கு முன்னே அடுப்புச் சாம்பல் ஆறிப்போயிருக்கும். முன்பு மகனுக்குப் பார்த்த ஒரு பெண்ணின் அண்ணன் செங்கல்பட்டு ஓட்டலில் விளக்கு வைத்த பிறகு ஒரு தோசை தின்றான் என்று கேள்விப்பட்டு, தட்டு மாற்றுகிற அளவுக்கு வந்த சம்பந்தத்தை வேண்டாம் என்று எழுந்து வந்தவள். ஒரு தோசை! அதுவும் சாதா தோசை.

“ஏங்க,” என்றாள் மனைவி மதனவதி, பெண் பார்க்க வருகிறதற்கு முதல் நாள். “நாளைக்கு ஒரு நாள் மட்டும் சினிமாப் பேச்சு எடுக்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

“நான் எதுக்குடி எடுக்கப் போறேன்?”

“நீங்க எடுக்க மாட்டீங்க. அதுவா வாய்ல வந்து உக்காந்துக்கும். அந்த அம்மாவுக்குச் சினிமான்னா கொட்டாய், கொட்டாய்ன்னா ஓட்டலு, ஓட்டலுன்னா ராத்திரி சாப்பாடு. பொண்ணு மூஞ்சிய ஒரு தரம் பாத்துட்டுப் பேசுங்க.”

நயினார் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். வியாபாரத்தில் தன்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல டவுனில் இருந்து ஒரு ஆள் இருந்தால் கௌரவமாக இருக்கும் என்று மயில்வாகன முதலியாரையும் வரச் சொல்லியிருந்தார். தன் வாயைக் கட்டினவர் முதலியார் வாயைக் கட்ட மறந்துவிட்டார். புத்தி இருக்கிறவன் பானையை மூடினால் சட்டியையும் மூடுவான். நயினாருக்கு அது எப்போது இருந்தது?

மறுநாள் மத்தியானம் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். தயாவதி அம்மாள் மெலிந்த உடம்பு, வெள்ளைக்கு ஒட்டின நூல் சேலை, யாரையும் அவசரப்படுத்தாத குரல். கூடத்தில் விரித்திருந்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, பெண்ணைப் பார்த்து, இரண்டு வார்த்தை கேட்டாள். திரிசலா குனிந்த தலை நிமிராமல் பதில் சொன்னாள். அனந்தநாதன் காபித் தம்ளரைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்தான். பொழுதோடு சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று மதனவதி கேட்டுக்கொள்ள, “அதுக்கென்னமா, ஆவட்டும்” என்றாள் தயாவதி. பெண் வீட்டில் கை நனைக்கச் சம்மதித்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. நயினாருக்கு மூச்சு நேராக வந்தது.

அப்போது முதலியார் தொண்டையைக் கனைத்தார்.

“நயினாரப் பத்தி நானே சொல்லக்கூடாது. ஆனா சொல்லாம இருக்க முடியல. எடையில கை சுத்தம். வார்த்தையில சுத்தம். அதவுட, எங்க தெருவுல அமாவாசைக்கு எந்தப் படம்ன்னு இவரு சொன்னாத்தாம்மா நாங்க வீட்ட வுட்டே கெளம்புவோம்!”

மதனவதி வெற்றிலைத் தட்டை அவசரமாகத் தயாவதி முன்னால் நகர்த்தினாள். நயினார் முதலியாரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். முதலியாரோ தன் புகழ்ச்சியில் சிநேகிதர் உருகிப் போகிறார் என்று எடுத்துக்கொண்டு இன்னும் குரலை ஏற்றினார்.

“இன்னா படமா இருந்தாலும் சரி. ஆரம்பத்துலேருந்து வணக்கம் போடற வரைக்கும் அப்படியே கண்ணு முன்னால நிறுத்துவாரு. கடைசி சீன சொல்லச்சொல்ல அவரு கண்ணுல தண்ணி வரும், கேக்கற எங்களுக்கும் வரும்!”

தயாவதி முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதுதான் ஆபத்து என்று நயினாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“அப்படியா?” என்றாள் அவள், ரொம்ப இதமாக. “எங்க வூரு மில்லுல கூட எல்லாரும் அந்த லாரிக்காரன் படத்தத்தான் பேசிக்கிறாங்க. நீங்க பாத்துட்டீங்களா நயினாரே? எப்படி இருக்குது?”

சத்தியம், குலதெய்வம், மதனவதியின் விரித்த கண் எல்லாம் ஒரு நொடி எதிரே நின்றன. ஆனால் கேட்டது யார்? சம்பந்தியம்மா. எத்தனை பேர் நடுவில்? கூடம் நிறைய. நயினாரின் வாய் அவர் அனுமதியைக் கேட்காமலே திறந்துகொண்டது.

“மொதப் பாதி ஜோரும்மா. உக்காந்த எடம் தெரியாது. பின்பாதி மட்டும் கொஞ்சம் இழுவை. ஆனா கடைசியில அந்த லாரிக்காரன் கோயில் படியில வுழுந்து அழுவுறான் பாருங்க, அங்கதான் நிக்கிறான் மனுஷன்! கல்லும் கரஞ்சிடும்மா.”

“ஆமாமா,” என்று முதலியார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் இன்னும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. அடுத்த அமாவாசைக்கு என்று வைத்திருந்தார்.

தயாவதி வெற்றிலையை மடித்தாள். மடித்ததை வாயில் போடாமல் தட்டிலேயே வைத்தாள்.

“மேட்னி வுடறது ஆறு மணிக்கு இல்லியா? அங்கேருந்து இங்க வர்றதுக்குள்ள இருட்டிப்போவுமே. அப்போ நீங்க எப்போ சாப்புடுவீங்க நயினாரே?”

உள்ளறைக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டு, சட்டென்று நின்றுபோனது. மகள் அங்கேதான் நிற்கிறாள் என்று நயினாருக்குத் தெரிந்தது. ஒரு நல்ல இடம், அவளாகவே ஆசைப்பட்ட ஒரே இடம், தன் வாயால் போகப்போகிறது. இத்தனை வருஷம் தின்ற பெருமையெல்லாம் எதிர்க்களித்துக்கொண்டு வந்தது.

‘சொல்லித் தொலைடா அப்பாண்டை,’ என்று தன்னை அதட்டினார். ‘மானம் போனா உன்னோடது. கல்யாணம் போனா அவளோடது.’

“அம்மா... நான் பின்பாதியப் பாக்கலம்மா.”

“இந்தப் படத்துலயா?”

“எந்தப் படத்துலயும். இடைவேளைக்கு மணி அடிச்சா எழுந்து ஓடியாந்துடுவேன். நாலே முக்கா பஸ்ஸு. எங்க வீட்டுல பொழுது சாஞ்சி அடுப்பு எரிஞ்சதே இல்லம்மா. நான் சொல்றதெல்லாம் சும்மா... குத்துமதிப்பா அடிச்சி வுடறது.”

ஆயுசில் முதல் தடவையாகப் பின்பாதியைப் பற்றி ஒரு உண்மையைச் சொன்னார். நம்ப வேண்டியவர்கள் யாரும் அதை நம்பவில்லை.

“இன்னா நயினாரே இப்படி வெளயாடறீங்க!” என்று முதலியார் துள்ளி எழுந்தார். சிநேகிதருக்கு வந்த ஆபத்து அவருக்குப் பொறுக்கவில்லை. “அம்மா, இவரு தன்னடக்கமா பேசறாரும்மா, நம்பாதீங்க! பின்பாதி பாக்காத மனுஷனா போன மாசம் அந்தக் குருட்டுப் பொண்ணுக்குக் கண்ணு வந்தத அப்படி விஸ்தாரமா சொன்னாரு? அதும்படியே தானே இருந்தது! எங்க குமரகோட்டத்து முருகன் மேல ஆணை, இவரு ஒரு படத்தையும் பாதியில வுட்டவரு இல்ல!”

“மொதலியாரே, சும்மா இருமய்யா!” என்றார் நயினார், அழாத குறையாக.

“நீங்க சும்மா இருங்க. உங்க அரும உங்களுக்குத் தெரியாது.”

மதனவதி முன்னால் வந்தாள். “அவரு சொல்றது நெசம்தாம்மா. சனிக்கிழமையானாலும் வெளிச்சத்துலயே வந்து எலையில உக்காந்துடுவாரு.”

“நீ சொல்லுவமா. பொஞ்சாதி சாட்சி எந்தக் கோர்ட்டுல எடுபடும்?” என்ற தயாவதி நயினாரைப் பார்த்தாள். குரல் அப்போதும் உயரவில்லை. “ரெண்டுல ஒண்ணுதான் நயினாரே இருக்க முடியும். படத்தப் பூராவும் பாத்தீங்கன்னா, இது ராத்திரி சாப்புடற வீடு. பாக்கலன்னா, பாக்காததப் பாத்த மாதிரி புளுகற வீடு. நீங்களே சொல்லுங்க, எதுல நான் சம்பந்தம் பண்றது?”

எந்தப் படத்துக்கும் தீர்ப்புச் சொன்ன வாய்க்குச் சொந்த வீட்டு வழக்கில் ஒரு வார்த்தை அகப்படவில்லை. தயாவதி முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். ஆதிநாதன் பாதிக் கொட்டாவியில் நிறுத்திக்கொண்டு கூடவே எழுந்தார்.

“அனந்தா, காரக் கூப்புடு.”

அனந்தநாதன் எழுந்திருக்கவில்லை. உள்ளறைக் கதவை ஒரு தரம் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

“அம்மா, மாமா சொல்றது நெசம். அவரு பின்பாதி பாக்கல.”

“உனக்கு இன்னா தெரியும்?”

“பாத்திருந்தா அப்படிச் சொல்ல மாட்டாரும்மா. அந்த லாரிக்காரன் இடைவேள முடிஞ்ச ஒடனே செத்துடறான். லாரி மலையிலேருந்து உருண்டுடுது. அதுக்கப்புறம் கத பூராவும் அவன் தம்பிதான். கடைசியில கோயில் படியில வுழுந்து அழறதுக்கு அந்த ஆளே இல்ல.”

முதலில் வாய் திறந்தது முதலியார்தான்.

“செத்துடறானா?” என்றார் மெதுவாக. நயினார் பக்கம் திரும்பினார். அந்த முகத்தைப் பார்க்க நயினாருக்குத் திராணி இல்லை. “அப்போ அந்தக் கோயில் படி? அப்போ போன தீபாவளிக்குச் சொன்னது? அதுக்கு மொத வருஷம் சொன்னது? அட பாவி மனுஷா, முந்தானை நெய்யாத சேலையையா இத்தினி வருஷமா எங்க தலையில கட்டினே!”

“மொதலியாரே, மன்னிச்சுக்கய்யா. நீ வாயப் பொளந்துக்கினு கேப்பே. எனக்கு நிறுத்த மனசு வராது,” என்றார் நயினார். வெட்கத்துக்கு நடுவிலும், பையனைப் பார்த்து நெஞ்சு பதறியது. அந்தப் பிள்ளை தன்னைக் கரையேற்றிவிட்டுத் தான் கிணற்றில் குதித்திருக்கிறான். அது அவன் அம்மாவுக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகும்?

நேரமே ஆகவில்லை.

“லாரி உருண்டது உனக்கு எப்படிடா தெரியும்?” என்றாள் தயாவதி.

“பாத்தேம்மா. போன வாரம், சாயங்கால ஆட்டம்.”

“அன்னிக்கு ராத்திரி எங்க சாப்புட்டே?”

“சாப்புடலம்மா. பட்டினியாத்தான் படுத்தேன்.”

“வயித்து வலின்னு சொன்னியேடா. விடிஞ்சதும் ஓமத்தண்ணி குடுக்கலாம்னு நான் ராவெல்லாம் உக்காந்திருந்தேனே.”

“பொழுது சாஞ்சப்புறம் ஓமத்தண்ணியும் குடிக்க முடியாதே, அதான் காலையில குடிக்கிறேன்னு சொன்னேன்.” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “வலி இல்லம்மா அது. பசி.”

தயாவதி மகனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அந்த அம்மாள் செய்தது நயினார் சற்றும் எதிர்பார்க்காதது. உட்கார்ந்துவிட்டாள். தட்டில் மடித்து வைத்திருந்த வெற்றிலையை எடுத்து வாயில் போட்டாள். கொஞ்ச நேரம் மென்றாள். பிறகு நயினார் பக்கம் திரும்பி, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவளைப் போலக் கேட்டாள்.

“பொழுது சாஞ்சா சாப்புடக் கூடாதுன்னுதான் நயினாரே சொல்லியிருக்குது. சாப்புட்டே தீரணும்னு எங்க சொல்லியிருக்குது? ஒரே ஒரு நாளு ராத்திரி பட்டினி கெடந்திருந்தா, ஒரு படத்தையாவது முழுசா பாத்திருக்கலாமே?”



இத்தனை வருஷத்தில் அது நயினாருக்குத் தோன்றவே இல்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. நாலே முக்கால் பஸ்ஸுக்குத் தலைதெறிக்க ஓடினது தர்மத்துக்காக என்று நினைத்திருந்தார். ஓடினது மதனவதியின் மிளகுக் குழம்புக்காக. தர்மம் பட்டினியைத் தாராளமாகப் பொறுத்துக்கொள்ளும். பொறுத்துக்கொள்ளாதது இவர் வயிறு. ஜில்லாவிலேயே இல்லாத தியாகி! அந்த நினைப்பில் பெருத்த நெஞ்சையெல்லாம் எங்கே கொண்டுபோய் ஒளித்து வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

“தோணலம்மா. இவ வெக்கிற மிளகுக் கொழம்பு ஆறிடுமேன்னுதான் தோணிச்சி,” என்றார், சின்னக் குரலில்.

முதலில் சிரித்தது ஆதிநாதன். அந்த மனிதருக்குச் சிரிக்கவும் வரும் என்று அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு மதனவதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கோபமாக மூலையைப் பார்த்து உட்கார்ந்திருந்த முதலியாரின் தோள்கூடக் குலுங்கியது.

“புளுகினது புளுகுதான்,” என்றாள் தயாவதி. “அத உங்க வூரு ஆளுங்க பாத்துப்பாங்க. ஆனா ஒண்ணு. பாதிப் படத்த வுட்டுட்டு ஒரு மனுஷன் வீட்டுக்கு ஓடியாறான்னா அந்த வீட்டுச் சாப்பாடு எப்படி இருக்கும்! இந்த வீட்டுல பொழுதுக்கு முன்னால எலை வுழுவுதுன்னு இதுக்கு மேல எனக்குச் சாட்சி வேணாம். உன் பொண்ணுக்கு அந்தக் கொழம்பு வெக்கச் சொல்லிக் குடுத்திருக்கியாமா?”

“அவ என்னவுட நல்லா வெப்பாம்மா,” என்றாள் மதனவதி.

“அப்போ என் புள்ளயும் இனிமே ஆறு மணிக்கு வீட்டுல இருப்பான்.”

உள்ளறைக் கதவுக்குப் பின்னால் வளையல் கலகலத்தது. இந்தத் தடவை நடுவில் நிற்கவில்லை. அனந்தநாதன் காபித் தம்ளரை எடுத்துக் குடிக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டான். தம்ளர் காலியாகி வெகு நேரம் ஆகியிருந்தது.

வெளியே வேப்பமரத்து நிழல் நீண்டு வாசலைத் தொட்டுவிட்டது. “சீக்கிரம், பொழுது போவுது” என்று மதனவதி பறந்தாள். கூடத்தில் வரிசையாக இலை விழுந்தது. தயாவதி அம்மாள் கையலம்பிவிட்டு வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். முதலியார் உர்ரென்ற முகத்தை மாற்றாமலே நல்ல இலையாகப் பார்த்து உட்கார்ந்தார். நயினார் மட்டும் தூண் ஓரமாக நின்றார். மனசெல்லாம் நிறைந்திருந்தது, மகளுக்கு நல்லது நடந்துவிட்டது. ஆனால் அந்த இலையைப் பார்க்கிறபோது கூச்சமாக இருந்தது. இன்றைக்காவது, இந்த ஒரு வேளையாவது, வயிற்றுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தால் என்ன?

“நீங்க எல்லாரும் ஆவட்டும்,” என்றார் கம்பீரமாக. “எனக்கு இன்னிக்கு வேணாம். நான் பட்டினி.”

பரிமாறிக்கொண்டிருந்த மதனவதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“மிளகுக் கொழம்பு வெச்சிருக்குது. நடிக்காம வந்து உக்காருங்க.”

நயினார் ஜன்னல் வழியாகச் சூரியனைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வேட்டியை மடித்துக்கொண்டு முதலியாருக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். முதலியார் அவரைப் பார்க்காமலே தன் இலையில் இருந்த வடையில் ஒன்றை எடுத்து அவர் இலையில் வைத்தார். நயினார் அதையும் சாப்பிட்டார், குழம்புச் சோற்றை இரண்டு தரம் கேட்டு வாங்கிக்கொண்டார்.